கடுகு முத்தும் என் கஷ்டகாலமும்

ஆம்பூரில் எனக்கு முத்துக் கோர்க்கும் தொழில்; கடுகளவு முத்தை முடியளவு நூலில் கோர்த்துக் கோர்த்துக் கண் இடுங்கிப்போன தோழர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்காவது புரியும்.

மூக்குப்பொடி

தோல் மண்டி சாயபு ஒருவர், மகள் நிக்காவுக்காகக் கோர்க்கக் கொடுத்திருந்த முத்துச்சரம் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தார். வந்தவர் மூக்குப்பொடி போட்டுக்கொண்டு தட்டின் மேல் குனிந்தார். ஒரே தும்மல்! தட்டு காலி. மறுநாள் நிக்கா.

இருவரும் முழங்காலில் ஊர்ந்து, ஈர விரலால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். அப்படியும் குறைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் மிச்ச முத்தெல்லாம் அவர் தாடிக்குள் மினுக்கிக்கொண்டிருந்தது! இடுக்கியை எடுத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். சாயபு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"முத்த மட்டும் எடுப்பா, தாடியோட சேத்துக் கோத்துடப் போறே!"

வெள்ளைக் குதிரை

வேலூரிலிருந்து ஒரு துரைசானி வந்தாள். நன்றாகத் தமிழ் பேசுவாள். அவள் சீமையிலிருந்து கொண்டுவந்த பழைய முத்துப் பதக்கம் அறுந்துபோயிருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே நூலே இல்லை. வெள்ளைக் குதிரை முடியில் கோர்த்திருந்தார்கள்! அதே மாதிரிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

எங்கள் ஊரில் வெள்ளைக் குதிரை ஒன்றே ஒன்றுதான். ஜட்கா ஓட்டும் என் தோஸ்த் பாஷாவுடையது. வாலிலிருந்து நீள முடியாகப் பார்த்து உருவுவதற்குள் அது என் தொடையில் விட்ட உதை இன்னும் வலிக்கிறது. ஆனால் பதக்கம் அச்சாகப் பழையபடி வந்துவிட்டது. எந்தக் குதிரையின் முடி என்பதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.

துரைசானி பதக்கத்தைக் குத்திக்கொண்டு பூரிப்போடு போய் ஏறினது பாஷாவின் ஜட்காவில். "ரயிலுக்கு நேரமாச்சு, சீக்கிரம் போ" என்றாள். சொல்லிவிடாதே என்று நான் ஜாடை காட்டக் காட்ட, அவன் பதக்கத்தைப் பார்த்துச் சொன்னான்:

"முன்னால ஒரு குதிரை இழுக்குது, உங்க மேலயும் கொஞ்சம் குதிரை இருக்குது, புடிச்சிடலாம்மா!"

நொய்க்கஞ்சி

அழுக்கேறிய முத்தைப் பச்சரிசி நொய்யோடு பையில் போட்டுக் குலுக்கினால் பளிச்சென்று ஆகும். அப்படிக் குலுக்கி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை பார்த்த என் மாமனார் அந்த நேரம் பார்த்து வந்து இறங்க, வீட்டில் அரிசி இல்லாத அவசரத்தில் என் பெண்சாதி பையோடு கவிழ்த்துக் கஞ்சி வைத்துவிட்டாள்.

நான் தலை துவட்டிக்கொண்டு வரும்போது அவர் வாயில் முதல் மடக்கு. "துப்புங்க மாமா!" என்று அலறினேன். மிரண்டுபோய்த் துப்பினார். கஞ்சியை வேட்டித் துணியில் வடிகட்டி, நல்லவேளை, எல்லா முத்தையும் மீட்டுவிட்டோம். மாமனார் மட்டும் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கி நசுக்கிப் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் வேக வெச்சிருக்கணும்மா."

உன் மகனை என்ன தொழிலில் விடப்போகிறாய் என்று யாராவது கேட்டால், வண்டிச் சக்கரம் மாதிரி கொஞ்சம் பெரிய சாமானாகப் பார்த்துச் செய்கிற தொழிலில் என்று சொல்லிவிடுகிறேன்.