வலது பின்னங்கால்

மியூசியத்தின் பூச்சிப் பிரிவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. பசையக்கா என்றால்தான் தெரியும். காயவைத்துப் பாதுகாக்கும் புதர்-வெட்டுக்கிளிகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தொட்டால் போதும், காலைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடும். உதிர்ந்த காலை இடுக்கியால் எடுத்து, துளிப் பசை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டுவது அக்காவின் வேலை. முப்பத்தொரு வருடமாக ஒட்டுகிறார். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர்களெல்லாம் பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். அக்கா பசைப் புட்டியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதனால்தான் போன மாதம் ஆய்வாளர் மேடம் அந்தச் செய்தியைச் சொன்னபோது அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய பெட்டியொன்றில் கிடந்த வெட்டுக்கிளி, இதுவரை யாருமே விவரிக்காத புது இனமாம். அதற்கு அக்காவின் பெயரையே வைக்கப்போகிறாராம். அன்று சாயங்காலத்துக்குள் அக்கா மகளுக்குச் சொல்லி, நாத்தனாருக்குச் சொல்லி, நாத்தனார் வழியாக மீதி உலகத்துக்கும் சொல்லிவிட்டார்.

கட்டுரையை அனுப்ப இரண்டு நாள் இருக்கையில் மேடம் படங்களைக் காட்டினார்.

"இந்த வலது பின்னங்காலைப் பாருங்கக்கா. தொடைக்கு அடியில எட்டு முள். தெரிஞ்ச இனத்துல நாலுதான். இதை வச்சுத்தான் புதுசுன்னு சொல்றோம்."

அக்கா முள்ளைப் பார்க்கவில்லை. கால் உடலோடு சேருமிடத்தில் பழுப்பாக ஒரு பொட்டு இருந்தது. அவர் வைத்த பசைதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெட்டி கைதவறி விழுந்தது. தனியாகக் கிடந்த ஒற்றைக் காலை, பின்னங்கால் இரண்டுமே இல்லாத ஓர் உடலில் அவசரமாக ஒட்டிவிட்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போதும் வாயைத் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இரவல் காலோடு நிற்கும் பூச்சிக்கா தன் பெயர்? மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனார்.

"மேடம், அந்தக் கால் அதோடது இல்ல. நான் மாத்தி ஒட்டிட்டேன்."

மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. இரண்டு வருட உழைப்பு.

"இத்தனை வருஷமா சொல்லலையே?"

"அப்ப வேலை போயிடும்னு பயம். அப்புறம் மறந்தே போச்சு. இன்னிக்குப் படத்தைப் பாத்ததும்தான் ஞாபகம் வந்துச்சு."

மேடம் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தார். பிறகு சட்டென்று திரும்பினார்.

"சரி. அப்ப அந்த எட்டு முள்ளு யாரோடது?"

அன்று விழுந்த பெட்டியிலிருந்த மற்ற பூச்சிகள் எந்த அலமாரிக்குப் போயின என்று அக்காவுக்குத்தான் தெரியும். ஒன்பது வெட்டுக்கிளிகள், எல்லாவற்றுக்கும் தெரிந்த இனத்தின் லேபிள். ஏழாவதுக்கு வலது பின்னங்கால் இல்லை. மேடம் அதை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து இடது காலின் முட்களை எண்ணினார். எட்டு. இறக்கையை மெல்லத் தூக்கி, அடியில் சீப்புப் பல் போலிருக்கும், அது உரசிப் பாடுகிற வரிசையைப் பார்த்தார். அதுவும் தெரிந்த இனத்துடையதைப் போல இல்லை.

"புது இனந்தான்க்கா. நாமதான் தப்பான ஆளைப் பிடிச்சு வச்சிருந்தோம்."

"அப்ப... பேரு?" அக்கா மெதுவாகக் கேட்டார்.

"முதல்ல இவன் காலை இவனுக்கு ஒட்டிக் குடுங்க. பேர் எங்கயும் போகாது."

அக்கா பழைய பசையை இளக்கிக் காலை எடுத்தார். மூன்று முறை சரிபார்த்த பிறகே ஒட்டினார்.

எட்டு மாதம் கழித்துக் கட்டுரை வந்தது. தலைப்பில் அக்காவின் பெயர். உள்ளே, அவரே பிடிவாதமாகக் கேட்டு எழுதவைத்த ஒரு வரி: வலது பின்னங்கால் முன்பு வேறு உடலில் தவறாக ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர் என்று அங்கேயும் அதே பெயர். அக்கா நாத்தனாருக்கு போன் போட்டு இரண்டையும் படித்துக் காட்டினார்.