தூக்கத்தில் எடுத்த கழுத்தளவு

குளிர்பதனக் கிடங்கின் இரவுக் காவலாளி நன்றி சொல்வதில் கஞ்சத்தனமே பார்க்காதவர். லாரி உள்ளே வந்தால் ஓட்டுநருக்கு நன்றி, வெளியே போனாலும் நன்றி, என்றைக்காவது கிறீச்சிடாமல் திறந்துவிட்டால் இரும்புக் கதவுக்கும் ஒரு நன்றி. இப்பேர்ப்பட்ட மனிதர்தான் போன வருஷம், இருபது வருஷம் கூடவே குடித்தனம் நடத்திய மனைவி தன்னைக் கொல்லப் பார்க்கிறாள் என்று நம்பிக்கொண்டு அலைந்தார். இப்போது அதைச் சொல்லும்போது அவரே விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

எல்லாம் மின்னல் வைத்த வினை. மின்னல் என்பது பகல் காவலாளியின் பட்டப்பெயர். அவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் லாரி ஓட்டுநரே இறங்கிக் கதவைத் திறந்து, வண்டியை உள்ளே விட்டு, மூடியும் விடுவார். அதனால் வைத்த பெயர். ஆனால் துப்பறியும் கதை என்றால் மின்னலுக்கு உயிர். அட்டையில் ரத்தம் சொட்டாத புத்தகத்தைத் தொடமாட்டார். படித்து முடித்ததை இரவுக்காரர் தலையில் கட்டிவிடுவார்.

அப்படிக் கட்டிய ஒரு புத்தகத்தில் கொலையே இல்லை. மனைவி எதையுமே செய்வதற்கு முன்னால், ஏதோ செய்யப்போகிறாள் என்று சந்தேகப்பட்டு, ஒரு கணவன் சொந்த வீட்டுக்குள்ளேயே துப்பறிகிறான். அவள் கலக்கும் தேநீர், இடம் மாறிய நாற்காலி, காரணம் சொல்லாத பார்வை என்று ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போகிறான். பாதி படிப்பதற்குள் நம்மவருக்கு வியர்த்துவிட்டது.

“அடப்பாவி! என் வீட்டு ஜன்னல்ல உக்காந்து பாத்து எழுதியிருக்கானே!”

வீட்டில் நடந்தது இதுதான். இரவெல்லாம் விழித்திருக்கும் மனிதருக்குப் பகல்தான் தூக்கம். மனைவி தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். ஒரு மத்தியானம் அவர் திடுக்கிட்டு விழித்தபோது, இரண்டு கையிலும் தலையணையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்துக்கு மேலே குனிந்து நின்றாள்.

“ஒண்ணுமில்ல, நீங்க தூங்குங்க” என்றாள்.

அடுத்த வாரம் தையல் மெஷின் படுக்கையறைக்குள் வந்து, கட்டிலைப் பார்த்து உட்கார்ந்தது. கேட்டதற்கு முன்னறையில் வெளிச்சம் பத்தவில்லை என்றாள். ஜன்னல் இருப்பதே முன்னறையில்தான்.

அதற்கப்புறம்தான் அந்த டேப்பு. கழுத்தில் ஏதோ குறுகுறுக்கிறதே என்று கண்ணைத் திறந்தால், தையல் டேப்பு கழுத்தைச் சுற்றி வளைத்திருக்கிறது! இரண்டு முனையும் அவள் விரலில்.

“என்னடி பண்ற?”

“சட்டை தைக்கலாம்னு அளவு எடுத்தேன்.”

இங்கேதான் அவருக்குள் இருந்த துப்பறிவாளர் துள்ளி எழுந்தார். கல்யாணமான நாள் முதல் அவருக்கு அத்தனை சட்டையும் அவள்தான் தைக்கிறாள். ஒரு தடவைகூட டேப்பை எடுத்ததில்லை. ஆளைப் பார்த்தே துணியை வெட்டிவிடுவாள். அப்படிப்பட்டவள் தூங்குகிறவன் கழுத்தை அளப்பானேன்? பொய் சொல்கிறாள். பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொல்கிறாள் என்றால் விஷயம் பெரிசு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடிக்காமல், கிடங்கு வாசலில் வாடிக் கிடந்த செடிக்கு ஊற்றினார். செடி செத்தால் ஆதாரம் கிடைக்கும் என்ற கணக்கு. அந்தப் பாழாய்ப்போன செடி ஒரே வாரத்தில் தளதளவென்று துளிர்த்து மொட்டு விட்டது.

“மெதுவா வேலை செய்யற விஷமா இருக்கும்ணே” என்றார் மின்னல். மெதுவாக வேலை செய்வதைப் பற்றி அவருக்குத் தெரியாததா?

சிரிக்கிற விஷயம் இதோடு முடிந்தது. நம்மவர் உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருந்தார். யாரோடு சேர்ந்து கஷ்டப்பட்டாரோ, யார் தைத்த சட்டை இப்போதும் உடம்பில் இருக்கிறதோ, அவள் கைக்குப் பயந்து வாழ்வது ஒரு வாழ்வா? தம்பி வீட்டுக்குப் போய்விடுவது, இனித் திரும்புவதில்லை என்று முடிவு கட்டினார். இரண்டு உடுப்பைத் துணிப்பையில் திணித்துக் காவலறைப் பெஞ்சுக்கு அடியில் வைத்தார். பை அங்கே இருந்தது. மனசுதான் கிளம்ப மறுத்தது.

“போறதுக்கு முன்னாடி கையும் களவுமாப் பிடிச்சிடுங்கண்ணே. தூங்கற மாதிரி படுத்துக்கங்க” என்று யோசனை சொன்னார் மின்னல்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவர் அப்படியே செய்தார். கண்ணை மூடிக்கொண்டு படுத்தார். மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலி அசைவது காதில் விழவேண்டுமே என்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்.

மெஷின் சட்டென்று நின்றது. ஓடி வந்தாள். வந்துவிட்டாள், முடிந்தது கதை என்று பல்லைக் கடித்தார். அவள் உள்ளங்கை அவர் நெஞ்சில் விழுந்தது. தோளைப் பிடித்து, ஒரு பக்கமாகப் புரட்டி, மல்லாந்து விடாதபடி முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்தாள்.

“விடுங்க... மூச்ச விடுங்கங்க. என்னை இப்படித் தவிக்க விடாதீங்க. விடுங்க” என்று காதோரம் கெஞ்சினாள்.

மூச்சை விட்டார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். மெஷின் மறுபடி ஓடியது.

துப்பறிவாளர் என்றால் ஒரு தடவையோடு நம்பலாமா? இன்னொரு முறை மூச்சை அடக்கினார். மெஷின் நின்றது, அதே ஓட்டம், அதே கை, அதே கெஞ்சல். மூன்றாவது தடவை அடக்க அவருக்கு மனசு வரவில்லை. கண்ணைத் திறந்தார், கண்ணீர் காது வரை வழிந்தது.

“எத்தனை நாளா இப்படி?”

அவள் தைத்துக்கொண்டிருந்த கால்சட்டையை மடியில் போட்டாள். “ரொம்ப நாளாச்சு. குறட்டை விட்டுக்கிட்டே இருப்பீங்க, திடீர்னு மூச்சு நின்னுடும். புரட்டிப் போட்டாதான் திரும்ப வரும். முன்னறையில இருந்தா காதுல விழல, அதான் மெஷினை இங்க இழுத்துப் போட்டேன். என் முட்டி வலிக்குப் போனப்ப டாக்டர்கிட்ட கேட்டேன். கழுத்து சுத்தளவு என்னன்னாரு. கழுத்து பெருத்தா இது வருமாம். உங்க பழைய அளவு எனக்குத் தெரியும், ஆனா பெருத்திருக்கோன்னு சந்தேகம். அதான் அளந்தேன்.”

“என்கிட்ட சொல்லக்கூடாதா?”

“உங்க அப்பா தூக்கத்துலதானே போனாரு? சொன்னா நீங்க கண்ணை மூடுவீங்களா? ஒரு வழி கேட்டுக்கிட்டு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்.”

அவர் எல்லாவற்றையும் கொட்டினார். தலையணை, டேப்பு, செடி, துணிப்பை. தேநீர் செடிக்குப் போனது என்று கேட்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துணிப்பை என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து உள்ளே போனவள் திரும்பி வந்து, “முதல்ல அந்தப் பையை எடுத்துட்டு வாங்க” என்றாள்.

அன்றைக்கே பையை எடுத்து வந்தார். மறுநாள் இரண்டு பேரும் டாக்டரிடம் போனார்கள். எல்லாச் சோதனையும் முடிந்தபின் டாக்டர் சொன்னது: “உங்க வீட்டம்மாவுக்கு நன்றி சொல்லுங்க. இந்த மூச்சு அவங்க காப்பாத்தி வச்சிருக்கறது.” ஊருக்கெல்லாம் நன்றி சொன்ன வாய், அதை வீட்டுக்குள் மட்டும் சொன்னதே இல்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, நாலு பேர் பார்க்க, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “சீ, விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அவர் மூக்கில் ஒரு முகமூடி மாட்டிக்கொண்டு தூங்குகிறார். காற்று அடிக்கும் சின்னப் பெட்டி ஒன்று மூச்சைப் பார்த்துக்கொள்கிறது. பெட்டி வந்ததும் அவள் தையல் மெஷினை முன்னறைக்கே கொண்டுபோனாள். அன்றைக்கு அவர் புரண்டு புரண்டு படுத்தார். பொட்டுத் தூக்கம் வரவில்லை. கடைசியில் எழுந்து போய், “மெஷினை உள்ளயே போட்டுடேன்” என்றார்.

இருவருமாக அதைத் திரும்பவும் கட்டிலருகே நகர்த்தினார்கள். நூலைக் கோத்துக்கொண்டே அவள் கேட்டாள், “ஏங்க, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நான் உங்களக் கொல்லப் போறேன்னு நினைச்சுக்கிட்டு, என் பக்கத்துலயே அத்தனை நாள் எப்படித் தூங்கினீங்க?”

துப்பறிவாளர் இதை யோசித்ததே இல்லை. கட்டிலில் ஏறி முகமூடியைக் கையில் எடுத்தார்.

“நீ பக்கத்துல இருக்கேங்கற தைரியத்துலதான்” என்றார்.