சித்தி விற்ற திரி

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் ரகசியத்தை வெளியே விடுவதற்கு மூன்று பாஷையில் என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள், யோசிக்காமல் சொல்லுவேன். எட்டு வயதில் படித்த பாடம். எனக்காக யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சித்திக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன்.

சித்திக்கு ஊர் காரைக்கால். அங்கே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இங்கே கீரைக்காரியிடம்கூடப் பேச முடியாது என்று எல்லாரும் சிரித்தார்கள். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர் தேடினார்கள். இன்டர்வியூ இங்கிலீஷில்.

எங்கள் வீட்டை ஆண்டது அத்தை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர். "நம்ம வீட்டுப் பொம்பளை சம்பளத்துக்குப் போனா, ஆம்பளைக்கு வக்கில்லைன்னு ஊரு பேசும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அக்கா சொன்ன பிறகு சித்தப்பா வாயைத் திறக்க மாட்டார். ஆர்டர் கைக்கு வந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று சித்தி முடிவு செய்தார். தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு, வாரம் இரண்டு நாள் இங்கிலீஷ் படிக்கப் பொன்மலைக்கு பஸ் ஏறினார். துணைக்கு நான்.

பொன்மலை ரயில்வே குடியிருப்பில் ஒரு சட்டைக்காரம்மா இருந்தார். ஆங்கிலோ இந்தியர்களை அப்போது அப்படித்தான் சொல்வோம். கவுன் போட்டிருப்பார், தமிழை மென்று மென்று பேசுவார். இன்டர்வியூ வந்த வாரத்தில் அவர் எடுத்த பாடம் வம்பு.

"டீச்சருங்க ரூம்ல நீ போனா மொதல்ல இதான் காதுல விழும். கத்துக்கோ."

ரகசியத்தை உடைப்பதற்கு இங்கிலீஷில் பூனையைப் பையிலிருந்து விடுவது என்பார்களாம். அவரையைக் கொட்டுவது என்றும் சொல்வார்களாம்.

"நாமளும் கொட்டத்தானே செய்றோம்? உளறிக் கொட்டிட்டான்னு சொல்றோம்ல? என்னத்தைக் கொட்டினான்னுதான் சொல்றதில்ல" என்றேன்.

"இந்தா, இந்தக் குட்டியையே இன்டர்வியூக்கு அனுப்பிடலாம்" என்று சட்டைக்காரம்மா சிரித்தார். அந்தப் பெருமை எனக்கு இன்னும் தீரவில்லை.

யார் மூலமோ தெரிந்துகொண்டதை நாம் காற்றுவாக்கில் கேட்டேன் என்போம். இங்கிலீஷ்காரர்களுக்குக் குருவி வந்து சொல்லும். பிரெஞ்சுக்காரர்களுக்கு அவரவர் சுண்டுவிரலே சொல்லிவிடுமாம். சித்தி பழக்கதோஷத்தில் விரல் விரல் என்றே சொல்லி நாலு தடவை திட்டு வாங்கினார்.

"சரி, பூனையை வெளிய விடுறதுக்கு உன் பிரெஞ்சுல என்னா?"

"திரியை விக்கிறதுன்னு சொல்லுவோம்" என்றார் சித்தி.

திரும்பி வரும்போது என் கன்னத்தைத் தட்டிக் கேட்டுக்கொண்டார்: "வெள்ளிக்கிழமை இன்டர்வியூ முடியிற வரைக்கும் நீ திரியை வித்துடாத கண்ணு."

அன்று சாயங்காலமே அத்தை என்னைப் பிடித்தார்.

"ரெண்டு மாசமா தையல் கிளாஸ், தையல் கிளாஸுங்கிறா. ஒரு ஜாக்கெட்டைக் கண்ணுல காணோம். எங்கடி போறீங்க?"

நான் நிமிர்ந்து நின்றேன். "நீங்க அடிச்சாலும் நான் திரியை விக்க மாட்டேன், அத்தை."

"திரியா?"

"ஆமா. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சித்தியே சொல்லுவாங்க."

அத்தை முகம் வெளுத்துவிட்டது. கோயில் வாசலில் சாக்கை விரித்து, விளக்குத் திரியைக் கட்டுக் கட்டாக வைத்து விற்கும் பெண்களை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வேறு போக்கிடம் இல்லாதவர்கள். அத்தை நேராக அடுப்படிக்குப் போனார்.

"ஏம்மா, நீ கோயில் வாசல்ல உக்காந்து திரி விக்கிறியா?"

சித்தி என்னைப் பார்த்தார். இல்லை என்றால், பின்னே எங்கே போகிறாய் என்ற கேள்வி வரும். இன்டர்வியூவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. சித்தி தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க அண்ணி" என்றார்.

இடி விழும் என்று காத்திருந்தேன். அத்தை அடுப்பைத் தணித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"கைச்செலவுக்கு என்கிட்ட கேக்கக் கூச்சமா இருந்துச்சா?"

"அதெல்லாம் இல்லீங்க அண்ணி..."

"எனக்குத் தெரியாதா அந்தக் கூச்சம்? புருஷன் போயி தம்பிங்க வீட்டுக்கு வந்தவ நான். வந்த புதுசுல ஒரு சோப்பு கேக்கிறதுக்கு நாலு நாள் யோசிச்சேன்."

வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் கிளம்பும்போது அத்தை ஒரு துணிப்பொட்டலத்தை நீட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று திரிகள். இரண்டு நாளாக மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு, பஞ்சைப் பிரித்துத் தொடையில் உருட்டியிருக்கிறார்.

"கடைத்திரி பொசுக்குன்னு அணைஞ்சிடும். இது நின்னு எரியும்னு சொல்லி வில்லு. வெயில்ல உக்காராத. யாராவது ஏதாவது பேசினா, என் பேரைச் சொல்லு."

அந்த வேலை சித்திக்குக் கிடைத்தது. ரிட்டயர் ஆகும்வரை பார்த்தார். ஊரும் கொஞ்ச நாள் பேசியது, பிறகு விட்டுவிட்டது. என் கண்ணில் நிற்பது அன்றைய பஸ்தான். காவிரிப் பாலத்தில் ஏறியதும் சித்தி பொட்டலத்தை மடியில் இறுக்கிக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தி அழ ஆரம்பித்தார். இங்கிலீஷ் பயம் என்று நினைத்துக்கொண்டு நான் தேற்றினேன்.

"பயப்படாதீங்க சித்தி. நான் எதையும் சொல்லலை. அத்தை அப்படியே நம்பிட்டாங்க."

சித்தி முன்னைவிட அதிகமாக அழுதார். எனக்குச் சலிப்பாக இருந்தது. நம்பத்தானே வேண்டும் என்றிருந்தோம், நம்பிவிட்டார், இனி அழுவதற்கு என்ன இருக்கிறது என்று ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.