செண்பகத்தின் பாறைக்குப் பூங்கா வந்தது

நாலு மாதம் முன்பு ஒரு காலை. அடுப்பில் தோசை. போனில் செண்பகம்.

"ஏட்டி, ஆர்டர் வந்துட்டு. நம்ம பாறைக்கு பார்க் வரப்போவுது."

தோசை கருகியதுதான் மிச்சம். அவ்வளவு நேரம் பேசினாள்.

செண்பகம் என் கல்லூரித் தோழி. நான் எழுத வந்துவிட்டேன். அவள் தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஜியாலஜி நடத்துகிறாள். "நம்ம பாறை" என்று அவள் சொல்வது, மேலகரம் தாண்டி, குற்றாலம் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிக் கிடந்த ஒரு மொட்டைப் பாறையை.

அருவிக்குப் போகிற அவசரத்தில் பாறையை யார் பார்ப்பது? நானும் பார்த்ததில்லை... அவள் ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துப் போகும் வரை.

வெள்ளையும் கறுப்புமாக வரிகள். பிசைந்த மாவை முறுக்கிவிட்டது போல மடிந்து மடிந்து ஓடின. நடுநடுவே மாதுளை முத்து மாதிரி சிவப்புக் கற்கள்.

"இந்தச் செவப்பு கார்னெட். பல கோடி வருஷம் முன்ன பூமிக்கு அடியில வெந்து மடங்குன பாறைட்டி இது. அப்ப மடகாஸ்கர் நமக்குப் பக்கத்து வீடு. இதே மாதிரி அங்கனயும் கெடக்கு."

பாறையில் கை வைத்துக்கொண்டே சொன்னாள். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி.

சுற்றிலும் குவாரிகள். இதுவும் ஜல்லியாகிவிடும் என்ற பயத்தில் மனு எழுத ஆரம்பித்தாள். வெளிநாடுகளில் இப்படிப்பட்ட இடங்களை ஜியோபார்க் என்று காப்பாற்றுகிறார்களே, பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்களே, உள்ளூர்க்காரர்களுக்கு வேலையும் கிடைக்கிறதே — நமக்கு ஏன் கூடாது? ஒவ்வொரு மனுவிலும் படம் வரைந்து, பாகம் குறித்து, வேலி மட்டும் போதும் என்று எழுதினாள். ஏழு வருடம். ஒரு மனுவுக்கும் யாரும் திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை.

அப்புறம்தான் அந்த ஆர்டர்.

போன வாரம் வேலை முடியப்போகிறது என்று கேள்விப்பட்டு இருவரும் போனோம். மாணவர்களைக் கூட்டி வருவதற்கு முன் தான் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றாள்.

பாறையைக் காணவில்லை.

டைல்ஸ் பதித்த தரை. சறுக்கு மரம். நடுவில் ஒரு சிமென்ட் டைனோசர், பச்சை பெயின்ட்டில்.

கான்ட்ராக்டர் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். நல்ல மனிதர். முகத்தில் அத்தனை பெருமை.

"வாங்க டீச்சரம்மா. நீங்க கேட்ட பார்க்குதான். கரடுமுரடா கெடந்துச்சு, புள்ளைங்க விழுந்துரக் கூடாதுல்லா? சமப்படுத்தியாச்சு."

"அண்ணாச்சி... ஒடச்ச கல்லு?" செண்பகம் கேட்டாள்.

"வீணாக்கலம்மா. எல்லாம் டைல்ஸுக்கு அடியிலதான் கெடக்கு."

அவர் மேல் எப்படிக் கோபப்படுவது? அவருக்கு வந்த காகிதத்தில் 'பூங்கா' என்றுதான் இருந்தது. பாறை என்ற சொல் எந்த மேசையில் கழன்று விழுந்ததோ. மனு எழுதாமல் இருந்திருந்தால் ஒருவேளை அது இன்னும் அங்கேயே கிடந்திருக்கும் — இதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த டைல்ஸ் மேல் அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

மரத்தை வெட்டினால் இன்னொன்று நடலாம். ஏரியைத் தூர்த்தால் தோண்டலாம். இதை என்ன செய்வது? மறுபடி பல கோடி வருடம் காத்திருக்கவா?

நேற்று போன் செய்தேன். மாணவர்களை எங்கே அழைத்துப் போகிறாய் என்று கேட்டேன்.

"வேற ஒரு பாறை பாத்து வச்சிருக்கேன். அதவிட நல்லா இருக்கு."

"எங்கனட்டி? மனு போட்டுட்டியா?"



"மனுவும் போட மாட்டேன், எங்கன இருக்குன்னு ஒனக்கும் சொல்ல மாட்டேன். நீ எழுதிருவ."