அந்தோணிமேரியின் இரண்டு கிராம்

தலத்தெருவில் என் வீட்டுக்கு எதிர்வீடு அந்தோணிமேரியுடையது. காரைக்காலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொல்லிப் போன வருடம் யாராவது கேட்டிருந்தால், போய் வேறு வேலையைப் பாருங்கள் என்று விரட்டியிருப்பேன். வீட்டுக்குள் பல்லி வந்தால் நாமெல்லாம் விளக்குமாற்றைத் தேடுவோம். இவள் கண்ணாடிப் பெட்டி வாங்கி வைத்து வளர்க்கிறாள். என்னத்தை எழுதுவது?

நம் சுவர்ப் பல்லி இல்லை. சிறுத்தைப் புள்ளி போட்ட கெக்கோ என்கிற வெளிநாட்டுப் பல்லி. சுவரில் ஏறாது, தரையில்தான் நடக்கும். மனிதர்களைப் போலக் கண்ணை மூடித் திறக்கும். வெளிநாடு போன யாரோ விட்டுவிட்டுப் போன ஜோடியை முறையாகப் பதிவு செய்து வாங்கி வந்தாள். ஆண் வெள்ளைக்கார துரை மாதிரி நடக்கிறதாம், அதனால் அதற்கு முசே, பிரெஞ்சில் துரை, என்று பெயர். பெண்ணுக்குக் கனகா. இரண்டும் தனித்தனிப் பெட்டியில்தான் இருக்கும். வருடத்தில் சில நாள்தான் ஒன்றாக விடுவாள்.

எந்தச் சில நாள் என்பதில்தான் சிக்கலே. கார்த்திகை, மார்கழி மழையில் இரண்டும் தீனியைக் குறைத்துக்கொண்டு சுருண்டு கிடக்கும். தையில் வெயில் ஏற ஏறத் தெளிந்துவிடும். அப்போது சேர்க்க வேண்டும். முந்தைய வருடம் இவள் நாளைக் கடத்தியதில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பான தவக்காலம் வந்துவிட்டது. தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். பல்லிக்கும் அந்தச் சட்டம்தான் என்று ஈஸ்டர் முடியும்வரை நிறுத்தி வைத்தாள். முட்டை வந்தபோது அக்னி நட்சத்திரம். இரண்டு முட்டையும் வெந்து சுருங்கிப்போயின. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிரித்த பாவம் சும்மா விடவில்லை. செப்டம்பரில் அவள் வேளாங்கண்ணிக்கு நடந்து போனாள். "மூணு நாளைக்குப் புழு மட்டும் போட்டுடுங்க உமாக்கா" என்று என்னிடம் சாவியைக் கொடுத்தாள். இரண்டாம் நாள் மூடியைத் திறந்ததும் கனகா என் கையை நோக்கி ஓடி வந்தது. அலறிக்கொண்டு கரண்டியால் தள்ளினேன். வால் அறுந்து விழுந்து தனியாகத் துடித்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

அந்த வால்தான் அதற்கு அரிசிப் பானை. உடம்பின் கொழுப்பெல்லாம் அதில்தான் இருக்குமாம். திரும்பி வந்த மேரி பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ரொம்பப் பயந்துட்டீங்களா அக்கா?" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவள் திட்டவே இல்லை.

ஐம்பது கிராம் வந்தால்தான் கனகாவைச் சேர்ப்பேன் என்பது மேரி தனக்குத் தானே போட்ட சட்டம். கனகாவுக்கு வயது ஏழாகிறது. இந்த வருடம் தவறினால் இனி எப்போதும் சேர்ப்பதில்லை என்றும் முடிவு செய்திருந்தாள். அவள் கையால் ஒரு குஞ்சு பொரிய வேண்டுமென்றால் இதுதான் கடைசி வாய்ப்பு. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்ததும் நகைத் தராசில் கனகாவை நிறுப்பாள். நாற்பத்தொன்று, நாற்பத்து நான்கு என்று ஆமை வேகத்தில் ஏறியது. வால் கட்டையாக, முள்ளங்கி மாதிரி முளைத்து வந்தது. நான் ஜாக்கெட் தைப்பதை விட்டுவிட்டு வாரா வாரம் போய் நின்றேன்.

பிப்ரவரியில் சாம்பல் புதனுக்கு முந்தின நாள். ஞாயிறு இல்லாவிட்டாலும் அன்றும் எடை பார்த்தாள், தராசு நாற்பத்தெட்டு காட்டியது.

"ரெண்டு கிராம்தானே மேரி! தூக்கி உள்ள விடு!" என்று கத்தினேன். "ரெண்டு கிராமெல்லாம் ஒரு கணக்கா? நாளைக்குத் தவக்காலம் வந்துடும்டி, அப்புறம் போன வருஷக் கதைதான்!"

"முட்டைக்கு வேண்டியதெல்லாம் அவ உடம்புலேருந்துதான் போவணும்கா. தாங்காம அவ போய்ட்டா நான் என்ன பண்றது?"

கனகாவை அதன் பெட்டியிலேயே திருப்பி விட்டாள். என்ன பிடிவாதம்! எனக்கு அப்படி ஒரு கோபம். குற்றம் என்னுடையது, அதுதான் கோபம்.

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. ஐம்பது. மேரி தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கனகாவைத் தூக்கி முசேயின் பெட்டிக்குள் விட்டாள்.

"தவக்காலமாச்சேடி?" என்றேன்.

"நான் போட்ட சட்டம்தானே. அதுங்களுக்கு என்ன தெரியும்? அதுக்கு ஈடா ஈஸ்டர் வரைக்கும் நான் மீன் தொடப்போறதில்ல."

காரைக்காலில் பிறந்தவள் மீனை விடுவது லேசுப்பட்ட காரியமா? நானும் விட்டேன். மீன் விலை ஏறிவிட்டது என்று அவளிடம் பொய் சொன்னேன்.

பங்குனிக் கடைசியில் இரண்டு முட்டை. மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு பொட்டு வைத்து, புரண்டுவிடாமல் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தாள். உள்ளே சூடு ஏறினால் முட்டை போய்விடும். மத்தியானம் அவளுக்கு வேலை. உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் மாற்றுகிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒருநாள் கரண்ட் போனது. பாட்டில் உறையவில்லை. சர்பத் கடைக்கு ஓடிப் போய் ஐஸ் வாங்கி வந்தேன். பத்தாம் நாள் ஒரு முட்டை குழி விழுந்து கெட்டுப்போனது. மிச்சம் ஒன்றை நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தேன்.

வைகாசியில் ஒரு காலை, மேரி வாசலில் நின்று கூப்பிட்டாள். வேலைக்குப் போகவில்லை. "உங்களுக்குக் காட்டாம எப்படிக்கா போவேன்?" என்றாள்.

கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட குஞ்சு. என் நடுவிரல் நீளம்தான் இருக்கும். வால் முழுசாக இருந்தது. கனகா பக்கத்துப் பெட்டியில் புழு தின்றுகொண்டிருந்தது, கட்டை வாலும் கொழுத்த உடம்புமாக.

மேரி குஞ்சைத் தராசில் வைத்தாள். எண் ஓடி நின்றது. இரண்டு கிராம்.

குஞ்சு கண்ணை மூடித் திறந்தது. 

"இவ்வளவுதானாடி?" என்றேன்.

"இவ்வளவுதாங்க்கா" என்று சொல்லி, என் கையை விரிக்கச் சொன்னாள். விரித்தேன்.