முள்ளம்பன்றிக் குட்டிக்கு நான் பேசிய தமிழ்

மாலையானால் எங்கள் வீட்டில் நான் முள்ளம்பன்றியாகிவிடுவேன். தாய் முள்ளம்பன்றி, குட்டி முள்ளம்பன்றி, பக்கத்து மரத்து ஆந்தை எல்லாம் நான்தான். டிவியில் கார்ட்டூன் சிங்களத்தில் ஓடும். நாலு வயது மகளுக்கு இன்னும் சிங்களம் பிடிபடவில்லை. அதனால் அவளை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து, அங்கே வாய் அசையும்போதெல்லாம் இங்கே நான் தமிழில் பேசுவேன். கண்டிப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இந்த வேலையைச் செய்யாத அம்மா குறைவு.

அங்கே சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் வம்பில்லை. நான் கொஞ்சம் வெட்டினேன், கொஞ்சம் ஒட்டினேன்.

காரணம் நர்சரி. ஜனவரியில் மகள் போகவேண்டும். பிறந்ததிலிருந்து என்னைவிட்டு எங்கும் இருந்ததில்லை. வாசலில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கதறுவாள், டீச்சர் விரல் விரலாகப் பிரித்தெடுப்பார் என்று தினமும் ஒருமுறையாவது மனதுக்குள் பார்த்துவிடுவேன். ஆகவே எங்கள் வீட்டுக் கார்ட்டூனில் யாரும் யாரையும் பிரியக்கூடாது என்று முடிவெடுத்தேன். பிஞ்சு மனதில் பயம் பதியக்கூடாதல்லவா. எங்கோ வாசித்திருக்கிறேன். இதற்கு நேர்மாறாகவும் எங்கோ வாசித்த ஞாபகம் இருக்கிறது. அதை யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

அன்றைக்குக் கதையில் நல்ல மழை. இரை தேடப் போன தாய் திரும்பவில்லை. குட்டி வளையின் வாசலில் வந்து நின்றது. பின்னணி இசைகூட நின்றுவிட்டது. ஒருவரும் பேசவில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

“அம்மா வத்தேகம சந்தைக்குப் போயிருக்கு. பஸ் கிடைக்கல. இப்ப வந்துடும்,” என்றேன்.

மகள் என்னை அண்ணாந்து பார்த்தாள். “முள்ளம்பன்றி பஸ்ல போகுமா?”

“போகும்.”

வேலை விட்டு வந்து குசினியில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கணவர் விடவில்லை. “சீட்டுல உக்காந்தா பக்கத்துல இருக்கிறவன் கதி என்ன? கண்டக்டர் ஏத்தமாட்டான்.”

“நீங்க சும்மா இருங்க. நானே கஷ்டப்பட்டுச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

“அதான் தெரியுதே. டிவியில ஒருத்தரும் வாயத் தொறக்கல. நீ மட்டும் பேசுற.”

நான் கேட்காதது போலத் தொடர்ந்தேன். தாய் சந்தையில் போஞ்சி வாங்கியது, கரட் வாங்கியது. கரட்டுக்குப் பேரம் பேசத் தொடங்கியபோது, பிஸ்கட் வாசனையோடு ஒரு சின்ன உள்ளங்கை என் வாயை மூடியது.

“இந்த இடத்துல பேசாதீங்கம்மா.”

“ஏன்?”

“அதுக்குப் பயமா இருக்கு. அம்மாவத் தேடுது.”

“யாரு சொன்னா?”

“முள்ளப் பாருங்க.”

பார்த்தேன். இத்தனை நாளும் நான் வசனத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன், படத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை. எப்போதும் விறைத்து நிற்கும் அந்த முட்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. ஒரு முள்ளின் நுனியில் மழைத்துளி தொங்கியது. அது விழும்வரை வேறு எதுவும் நடக்கவில்லை. வரைந்தவர்கள் அந்த இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தார்கள், பார்க்கிற பிள்ளை போய்க் குட்டியின் பக்கத்தில் நிற்பதற்காக. நான் அதில் போஞ்சியையும் கரட்டையும் கொட்டி வைத்திருந்தேன்.

மகளின் கண் நிறைந்திருந்தது. டிவியை அணைத்துவிடலாமா என்று கை போனது. ஓடட்டும் என்று விட்டேன். தாய் வந்து சேர்ந்ததும் முட்கள் நிமிர்ந்தன. அவள் ஒரு பெருமூச்சு விட்டு, இன்னொரு பிஸ்கட் கேட்டாள். முகம் கழுவ எழுந்து போனது நான்தான்.

நர்சரியின் முதல் நாள் தூறல். வாசலில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். டீச்சருக்கு அவர்களைப் பார்க்கவே நேரம் சரி. எனக்கு நாக்கு நிற்கவில்லை.

“அம்மா சும்மா சந்தைக்குப் போயிட்டு வந்துடுவேன், சரியா? உள்ள நிறைய விளையாட்டுச் சாமான் இருக்கு, அப்புறம்...”

மகள் என் கைப்பையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா. இப்பப் பேசாதீங்க.”

வாயை மூடிக்கொண்டேன். அவள் கதவைப் பார்த்தபடி நின்றாள். தோள் இரண்டும் மெல்ல இறங்கின. சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எனக்கு நீளமாகத்தான் இருந்தது.

பிறகு அவளாகவே தன் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு படியேறினாள். கதவடியில் நின்று திரும்பினாள்.

“பஸ் கிடைக்கலன்னா நடந்து வந்துடுங்க,” என்றாள்.

தலையை மட்டும் ஆட்டினேன்.