வெடக்கோழி முட்டைக்கு வந்த கதை

கோழி வளர்க்கிறவுக ஊருக்குள்ள தலைகாட்ட முடியாத காலம்னு ஒண்ணு உண்டு; குஞ்சு வளர்ந்து வெடக்கோழி ஆனதுக்கும் அது முதல் முட்டை போடுறதுக்கும் நடுவுல இருக்கிற காலம். தீனி மட்டும் உள்ள போகும், வெளிய ஒண்ணும் வராது. போற வாரவுகளுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலிச்சவுக யாராச்சும் இருந்தா, உங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

இன்னும் போடலையா?

எங்க ஊரு அபிராமத்துக்குப் பக்கம். மிளகாய்தான் வெள்ளாமை. போன வருசம் பழம் பறிக்கிற நேரத்துல மழை கொட்டி, காயப்போட்ட வத்தலெல்லாம் வெளுத்து, விலைக்கு ஆகாத சண்டாப் போச்சு. எங்க வீட்டுக்காரர் சவுதியில பல வருசம் கிடந்துட்டு, இனிமே ஊருதான்னு வந்து சேர்ந்தவுக. வத்தலைப் பார்த்ததும் அவுகளுக்கு மனசு விட்டுப்போச்சு. திருப்பூர் பனியன் கம்பெனியில இருக்கிற அவுக பெரியப்பா மகன் "கிளம்பி வாடா, வேலை இருக்கு"ன்னு கூப்பிட, பையை எடுத்துத் தூசி தட்டி வச்சுட்டாக.

நான் விடல. போன்லயே புருசனோட குடும்பம் நடத்தினது எனக்குப் போதும் சாமி. "நாட்டுக்கோழி வளர்ப்போம். அதுக முட்டைக்கு வரட்டும், பெறகு போறதப் பத்திப் பேசுவோம்"னு கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தினேன். கோழிக வளர்ந்துச்சு. கம்பைத் தின்னுச்சு, குருணையைத் தின்னுச்சு, என் கத்தரிச் செடியையும் சேர்த்துத் தின்னுச்சு. முட்டையத்தான் காணோம். காலையில எந்திரிச்சதும் கூட்டுக்குள்ள குனிஞ்சு பார்த்துட்டு அவுக சொல்லுவாக: "இதுக முட்டை போடுறதுக்குள்ள நான் திருப்பூர் போயி ரிட்டயர்டே ஆயிருவேன்."

சீக்கா, சீரா?

ஒருநாள் தீனி போடப் போனவுக பதறிப்போயிக் கூப்பிட்டாக. ஒரு கோழி ஆளைக் கண்டு ஓடாம, றெக்கையை லேசா விரிச்சுத் தரையோட தரையா உக்காந்துக்கிருச்சு. முதுகுல கையை வச்சா இன்னும் பதுங்குது. பக்கத்துல ரெண்டு மூணும் அதே மாதிரி. கொண்டையெல்லாம் ஒரே செவப்பு. முன்ன ஒருக்கா வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து ஒரு கூட்டுக் கோழி மொத்தமும் செத்துப்போயிருக்கு. "காய்ச்சல்ல கால் விழுந்துருச்சு. சாகுறதுக்குள்ள தள்ளிவிட்டுருவோம்"னு அவுக கமுதி கோழி யாவாரிக்குப் போன் போட்டுட்டாக. கோழி கூடையில ஏறினா, மனுசன் மறுநாளே பஸ்சுல ஏறிருவாக. அடுப்படியில நின்னு நல்லா அழுதேன்.

யாவாரி வந்தாரு, கூடையை இறக்கினாரு. ஒரு கோழி முதுகுல கையை வச்சாரு, அது பதுங்குச்சு. வாலுக்குக் கீழ எலும்பு விரிஞ்சிருக்கான்னு தடவிப் பார்த்தாரு. முட்டைக்கு வார வெடக்கோழி அப்படித்தான் பதுங்குமாம், கொண்டையும் அப்படித்தான் செவக்குமாம். வயசுக்கு வந்ததப் போயி வியாதின்னு நெனச்சிருக்கோம். அந்த மனுசன் நெனச்சிருந்தா பேசாம வாங்கிட்டுப் போயிருக்கலாம். கூடையைத் திரும்ப வண்டியில கட்டிக்கிட்டே சொன்னாரு: "அண்ணே, இது சமைக்கிற கோழி இல்ல, சமைஞ்ச கோழி. என்னைய ஏன் கூப்பிட்டீக? தாய்மாமனக் கூப்பிட்டுச் சீரு செய்யச் சொல்லுங்க."

கரண்டியிலயே வெந்த ஆம்லெட்

முதல் முட்டை கிடைச்ச அன்னைக்கு அத உள்ளங்கையில வச்சுக்கிட்டு வீடு பூராவும் திரிஞ்சேன். அம்புட்டுச் சந்தோசம். முட்டை என்னமோ பெரிய நெல்லிக்காய் அளவுதான். புதுசா போடுற கோழிக்கு அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பெருசாகும்னு அப்ப எனக்குத் தெரியாது. கொஞ்சம் சேர்ந்ததும் டீக்கடை அண்ணன்கிட்ட குடுத்தோம். சாயங்காலம் வீட்டுக்கே வந்துட்டாரு. திருப்பிக் குடுக்கத்தான் வாராருன்னு நெனச்சேன். நாளைக்கும் வேணும்னு சொல்லத்தான் வந்திருக்காரு, நல்லா இருக்கட்டும். கூடவே ஒண்ணு சொன்னாரு: "தங்கச்சி, ஒன் முட்டையில ஆம்லெட் ஊத்தினா கரண்டியிலயே வெந்துபோகுது, கல்லு வரைக்கும் வரமாட்டேங்குது."

ஓடு கேட்ட பொம்பளை

பெறகு வந்துச்சு பாருங்க தோல்முட்டை. ஓடே இல்லாம, தொட்டா தண்ணிப் பை மாதிரி வழுக்குது. அவுக பழையபடி பரண்ல கிடக்கிற பையை நிமிர்ந்து பார்க்க ஆரம்பிச்சாக. கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். சுண்ணாம்புச் சத்து பத்தலை, கிளிஞ்சலை நுணுக்கி வைங்கன்னாரு. ஏர்வாடியில இருந்து மொபெட்டுல மீன் கொண்டுவார அண்ணனத் தெருவுல மறிச்சு, அடுத்த தடவை கிளிஞ்சல் அள்ளிட்டு வாங்கன்னு சொன்னேன். ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து இறக்கிட்டு, வேர்வையைத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு: "ஊரெல்லாம் என்கிட்ட மீன் கேக்கும், இல்லாட்டி மீன் தலையாச்சும் கேக்கும். வெறும் ஓடு கேட்ட மொத ஆளு நீதான் ஆத்தா."

வேகாத முட்டை

கூடு கட்டிக் குடுத்தாலும் புதுக்கோழிக்கு அங்கன போடத் தெரியாது. சீமைக்கருவேல முள்ளுக்குள்ள போயிக் கமுக்கமா போட்டுட்டு வந்துரும். எங்க வீட்டுக்காரர் தவழ்ந்து போயி எடுத்துட்டு வந்து, முதுகெல்லாம் முள்ளுக் கீறலோட நிப்பாக. கூட்டுல ஏற்கெனவே ஒரு முட்டை கிடந்தா கோழி அங்கனயே வந்து போடும்னு, கூழாங்கல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்சுக் கூடையில வச்சேன். கோழி ஏமாந்துச்சு. அவுகளும் ஏமாந்துட்டாக. விடியக்காலம் இருட்டுல கல்லையும் சேர்த்து அள்ளிக் குடுத்திருக்காக. வாங்கினவரு பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த வாத்தியார். தனியாச் சமைச்சுச் சாப்பிடுறவரு. கொஞ்ச நேரங்கழிச்சு எனக்குப் போன் போட்டாரு: "யக்கா, எல்லா முட்டையும் வெந்துருச்சு, ஒண்ணு மட்டும் ஆகலை போலருக்கு, தட்டினா சட்டிதான் நெளியுது. அடுப்ப அணைக்கவா, இன்னும் விடவா?"

ரெட்டைக் கரு

அபிராமத்துல பாத்திமா லாத்தா வீட்டுக்கு முட்டை நம்மளுதுதான். மக மாசமா இருக்கு. புதுசா போடுற கோழி சில நேரம் ரெட்டைக் கரு முட்டை போடும். அது அந்த வீட்டுக்குப் போயி, அதுவும் பிள்ளத்தாச்சி தட்டுல போயி விழுந்திருக்கு. ரெட்டைப் பிள்ளை பொறந்துரும்னு பிள்ளத்தாச்சிக்கு ஒட்டின வாழைப்பழமே குடுக்க யோசிக்கிற ஊரு நம்ம ஊரு. லாத்தா என்னையத் தேடி வந்ததும், வையத்தான் வாராகன்னு கதவுக்குப் பின்னால ஒதுங்கினேன். அவுக சிரிச்ச சிரிப்புலதான் உசுரு வந்துச்சு: "மாஷா அல்லாஹ், ஒங்க கோழி குடுக்கிறதெல்லாம் ரெட்டையாவுல குடுக்குது. நாங்க தொட்டில் ஒண்ணுதானம்மா வாங்கி வச்சிருக்கோம்."

திருப்பூர் போன்

போன வாரம் திருப்பூர்ல இருந்து அந்தப் பெரியப்பா மகன் கூப்பிட்டாரு. ஆளு எடுக்கிறாகளாம், ரூமும் தயாராம், உடனே வரணுமாம். போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு அவுக தொழுவத்துல நின்னாக. நான் குருணை புடைக்கிற மாதிரி கையை ஆட்டிக்கிட்டு இருக்கேன். முறத்துல ஒண்ணும் இல்ல. அந்த நேரம், அதுவரைக்கும் முட்டை போடாத வெடக்கோழி ஒண்ணு கொக்கொக்குன்னு கேறிக்கிட்டு, எங்கிட்டுப் போடுறதுன்னு தெரியாம அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்சுச்சு. அவுக போனை வைக்கோல் மேல வச்சாக. கூடையை எடுத்து, வைக்கோலைப் பரப்பி, அது முன்னாடி மெதுவாத் தள்ளினாக. அது ஏறி உக்காருற வரைக்கும் அசையல. போன்ல "டேய், இருக்கியா?"ன்னு சத்தம் வந்துக்கிட்டே இருக்கு. குனிஞ்சு, கோழி மிரளாத மாதிரி கொரலத் தாழ்த்திச் சொன்னாக: "கோவிச்சுக்கிறாதீகண்ணே. இங்கன ஒரு வெடக்கோழி இப்பத்தான் எடம் பார்த்து உக்காந்திருக்கு. இத விட்டுட்டு நான் எங்கிட்டு வாரது?"

கட்டிக்கிட்ட பொண்டாட்டி சொல்லிக் கேக்காத மனுசன் வெடக்கோழி சொல்லிக் கேட்டுட்டாக. யாரு சொல்லிக் கேட்டா என்ன, ஆளு வீட்டுல இருக்காகல்ல.